ஒப்புக்குச் சப்பாணி

மதிப்பிற்குரிய ஐயா,

மடிப்பாக்கத்தில் அறுபது வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் வசிக்கிறேன். என் மகனுக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வந்தால் கைப்பேசி, விடுமுறையிலும் கைப்பேசி. நான் சிறுவயதில் ஆடிய பம்பரம், கோலி, கில்லி எதுவும் அவனுக்குத் தெரியாது. பல்லாங்குழி ஆடினால் கணக்கு நன்றாக வரும் என்று படித்து ஒரு பலகை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் ஆடிவிட்டு மூலையில் போட்டுவிட்டான். இப்போது பாரம்பரிய விளையாட்டுகளுக்கான சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்த்திருக்கிறேன். கீழே விளையாட விடலாம் என்றால், பந்து பட்டு ஒரு கார்க் கண்ணாடி உடைந்ததிலிருந்து எங்கள் குடியிருப்போர் சங்கம் பந்து விளையாட்டுக்குத் தடை போட்டுவிட்டது. நானும் அதன் செயற்குழுவில் இருக்கிறேன். கிரிக்கெட் வீரர் அஸ்வின் போன்றவர்கள் மேற்கு மாம்பலத்துத் தெருவில் ஆடி உருவானவர்கள் அல்லவா? எந்த வயதில் எந்த விளையாட்டைக் கற்பிக்கலாம் என்று தாங்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

க., சென்னை

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை நான் திருவல்லிக்கேணியில், நான் பிறந்து வளர்ந்த தெருவில் நின்றுகொண்டிருந்தேன். உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகச் சென்றவன், மண்டபத்துக்குப் போகும் வழியில் கால்கள் தாமாகத் திரும்பியதால் அங்கே போய்விட்டேன். பள்ளி விட்டு ஒரு மணி நேரம் கடந்திருந்தது. ஒரு குழந்தைகூடத் தெருவில் இல்லை. இருபுறமும் வண்டிகள் நிற்க, நடுவில் எஞ்சியிருந்த இடைவெளியில் மேலும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அந்தக் காட்சியோடு வீடு திரும்பி உங்கள் கடிதத்தைப் படித்ததனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கைப்பேசியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கி, சில ஆண்டுகளில் எங்கள் தெருவின் ஒரு வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காகத் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வீட்டு வாசலில் அடைந்து கிடப்பதைப் பார்த்து, இனி இதுகள் உருப்படாது என்று என் பாட்டி கண்கலங்கினார். படம் முடிந்த மறுகணம் நாங்கள் மீண்டும் தெருவுக்குத்தான் ஓடினோம். ஓடுவதற்கு அப்போது தெரு இருந்தது. உங்கள் மகன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு எங்கே ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

பல்லாங்குழிக்கு வருகிறேன். என் அக்கா பாண்டி ஆடினால் பார்க்க வேண்டும். ஒற்றைக் காலில் எட்டுக் கட்டமும் தாண்டி, குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு திரும்பும்வரை கோட்டை மிதித்து நான் பார்த்ததே இல்லை. அவள் வயதுக்கு வந்த பிறகு ஒரு நாளும் தெருவில் இறங்க விடப்படவில்லை. பாட்டியின் பல்லாங்குழி பரணிலிருந்து இறங்கியது அப்போதுதான். பதினான்கு குழிகளிலும் புளியங்கொட்டைகளை இட்டு, அள்ளி, மறுபடி இட்டுக்கொண்டே, ஜன்னலுக்கு வெளியே நாங்கள் போடும் கூச்சலை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போக முடியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்கென்று காத்து வைத்திருந்த ஆட்டம் அது. எனக்கு அதன் மீது பெரும் மரியாதை உண்டு. ஆனால் கணக்கு வரும் என்பதற்காக அதை ஒரு எட்டு வயதுப் பையனின் முன்னால் வைத்தால் அவன் எழுந்துதான் போவான். பழைய விளையாட்டு என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. கண்ணாடித்தூளும் வச்சிரமும் கலந்து மாஞ்சா போட்டுக் காத்தாடி விட்டவர்களில் நானும் ஒருவன். அந்த நூல் கழுத்தை அறுத்து இருசக்கர வண்டியில் சென்றவர்கள் இந்நகரத்தில் இறந்திருக்கிறார்கள். காவல்துறை மாஞ்சாவைத் தடை செய்ததும், 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடெங்கும் தடை செய்ததும் சரியே. பெரியவர்கள் தலையிட வேண்டிய இடம் அது.

தலையிடக் கூடாத இடமும் உண்டு. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்பது குடும்பங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனத்தில் எங்கள் வீடும் ஒன்று. பிள்ளைகளிலேயே நான்தான் சிறியவன். எனக்கு ஐந்து வயதானபோது, இவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அம்மா என்னை வாசலில் விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார். அங்கே பெரியவன் என்றால் பதினொரு வயது அண்ணன் ஒருவன். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, ஒப்புக்குச் சப்பாணி" என்றான். அவ்வளவுதான், சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. ஐஸ்பாயில் என்னைக் கண்டுபிடித்தாலும் கணக்கில் சேராது. ஓடிப்பிடித்து ஆடும்போது நான் ஒருவரைத் தொட்டாலும் அவர் பிடிபட்டவர் ஆகமாட்டார். கிரிக்கெட்டில் எத்தனை முறை அவுட்டானாலும் மட்டை என் கையிலேயே இருக்கும். உடற்குறையைச் சுட்டும் அந்தச் சொல்லை இன்று நான் எந்தக் குழந்தையின் மீதும் பயன்படுத்த மாட்டேன். ஆனால் அதன் பின்னாலிருந்த ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள். ஓட முடியாத குழந்தையை விலக்கவும் கூடாது, அவனால் ஆட்டம் கெடவும் கூடாது என்ற சிக்கலுக்கு, எந்தப் பெரியவரையும் கேட்காமல், ஒரு பிள்ளைக்கூட்டத்திடமிருந்து அடுத்த கூட்டம் கற்றுக்கொண்டு வந்த தீர்வு அது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான் ஒப்புக்குச் சப்பாணியாக இருந்தேன். பிறகு ஒரு மாலை, சுவரில் கரியால் போட்ட மூன்று கோடுகளின் மீது பந்து பட்டது. வழக்கம்போல மட்டையைத் தட்டிக்கொண்டு அடுத்த பந்துக்காக நின்றேன். அந்த அண்ணன் என்னிடம் வந்து, "அவுட். மட்டையை வை" என்றான். பாவம், சின்னப்பையன் என்று யாரோ சொன்னார்கள். "இனிமே அவன் சப்பாணி இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவுட்டானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் திண்ணையைப் பார்த்து நடந்தேன். இருவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் திண்ணையின் குளிர்ச்சி என் தொடையில் இருக்கிறது.

உங்கள் சனிக்கிழமை வகுப்பில் இது நடக்காது. அங்கே உங்கள் மகன் அவுட் என்று சொல்பவர் உங்களிடம் கட்டணம் பெற்றுக்கொண்ட ஒரு பெரியவர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சண்டை மூண்டால் விசில் ஊதித் தீர்த்து வைப்பார். எது ஆட்டம் என்பதையும் எப்போது முடியும் என்பதையும் அவரே முடிவு செய்வார். எங்கள் தெருவில் பம்பரம் ஒரு நாள் காணாமல் போய் மறுநாள் எல்லார் சட்டைப்பையிலும் கோலி குலுங்கும். யார் அறிவித்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. பம்பரத்தைச் சாட்டையால் சுண்டித் தூக்கிப் பிடிப்பதற்கு அப்பீட்டு என்றும், தோற்றவன் பம்பரத்தில் ஆணியால் குத்துவதற்கு ஆக்கர் என்றும் பெயர் வைத்தவர்கள் பிள்ளைகள்தாம். கா விட்டதும் பழம் விட்டதும் எங்களுக்குள்ளேயே முடிந்தது. நம் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. மணலில் சிறுவீடு கட்டிய சிறுமியர், அதை மிதித்துச் சிதைக்க வரும் சிறுவனிடம் சிதைக்காதே என்று கெஞ்சிப் பாடுவார்கள். அவனுடைய தாயை அழைக்க அவர்கள் ஓடுவதில்லை, அவனிடமேதான் பேசுகிறார்கள். எத்தனையோ நூற்றாண்டுகளாக நம் புலவர்கள் அந்த இடத்தைப் பிள்ளைகளிடமே விட்டு வைத்திருந்தார்கள்.

அஸ்வின் மேற்கு மாம்பலத்தில் தெருக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர் என்பது உண்மை. அதே மாம்பலத்துத் தெருக்களில் ஆடிய மற்றவர்கள் வங்கியிலும் கடையிலும் வேலைக்குப் போனார்களே, அவர்கள் ஆடிய மாலைகள் வீணா? மகனின் விளையாட்டிலிருந்து கணக்கும் வேண்டும், கிரிக்கெட் வீரனும் வேண்டும் என்றால் நீங்கள் அவனை விளையாட விடவே இல்லை என்று பொருள். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியது, நீங்கள் ஒரே வாக்கியத்தில் கடந்து சென்ற அந்தத் தடையைப் பற்றி. மகன் வெளியே விளையாடுவதில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். அவன் விளையாடக் கூடாது என்ற அறிவிப்பு உங்கள் செயற்குழு ஒட்டியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வருவதற்கு முன் எங்கள் தெருவில் நின்றது ஒரு மருத்துவரின் அம்பாசிடர் மட்டுமே. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஒரு பாண்டிக் கட்டம் வரையலாம். அப்படிக் கட்டம் கட்டமாக நம் பிள்ளைகளின் இடத்தை நாம்தான் எடுத்துக்கொண்டோம், இன்று அவர்களுக்கு ஓடத் தெரியவில்லை என்று வருந்துகிறோம். வியாசர்பாடியில் மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். இடநெருக்கடி உங்கள் குடியிருப்பைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனாலும் பிள்ளைகள் கால்பந்தோடு இருப்பார்கள், வாசலில் கேரம் பலகை போட்டிருப்பார்கள். குழந்தைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகிறது. 1992இல் இந்தியா அதை ஏற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. உங்கள் வாகன நிறுத்தத்துக்கு எந்தச் சட்டமும் வராது. அங்கே செயற்குழுதான் சட்டம்.

எங்கள் தெருவில் ஒரு விதி இருந்தது. பந்து எந்த வீட்டுக்குள் விழுந்தாலும் அடித்தவன் அவுட். அவனே போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். இதைப் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. பந்தைத் திருப்பித் தராத ஒரு தாத்தாவால் நாங்களே செய்துகொண்ட விதி. அதற்குப் பின் அந்தத் தாத்தாவின் வீட்டுப் பக்கம் எவனும் ஓங்கி அடித்ததில்லை. உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உடைந்த கண்ணாடியின் விலையைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். காரில் பட்டால் அவுட் என்று அவர்களே சொல்வார்கள். நீங்கள் ஒட்டிய தாளைவிட அது உங்கள் கார்களை நன்றாகக் காக்கும்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். மாலை ஐந்திலிருந்து ஏழுவரை ஒரு வரிசைக் கார்கள் வேறிடத்தில் நிற்கட்டும்; முதலில் உங்கள் காரை எடுங்கள். மகனைக் கீழே அனுப்பிவிட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்க்காதீர்கள். அழுதுகொண்டு வந்தால் தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, திரும்ப அனுப்பிவிடுங்கள். எட்டு வயதில் புதிதாகப் போகிறான் என்பதால் முதலில் சில நாள் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகவே வைத்திருப்பார்கள். அதற்காக எந்தப் பிள்ளையிடமும், எந்தப் பிள்ளையின் பெற்றோரிடமும் நீங்கள் போய்ப் பேச வேண்டாம்.

அன்புடன்.