முடக்குவாத மருந்தும் தொற்று பயமும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்காகப் பல ஆண்டுகளாக வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட்டும், தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோனும் சாப்பிட்டு வருகிறார். சென்ற மழைக்காலத்தில் இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து இது, நிறுத்திவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவரோ அடுத்து 'பயாலஜிக்' ஊசி போடலாம் என்று சொல்லி, காசநோய்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இருமலே இல்லாதவருக்கு அது எதற்கு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்பதை முதலில் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் முடக்குவாதத்தில் எதிர்ப்பு மண்டலமே நிலை தடுமாறியிருப்பதால், மருந்தில்லாமல் கொதித்துக்கொண்டிருக்கும் நோயும் தொற்றுக்கு வழிவிடுகிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மருந்துகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட்டால் வரும் தொற்று ஆபத்து குறைவு. அம்மா சாப்பிடும் பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு; அது அப்படியன்று: அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறும், 5 மில்லிகிராம்கூட நெடுங்காலம் தொடர்ந்தால் சற்றுக் கூடும். உங்கள் மருத்துவர் பயாலஜிக் ஊசியை, அதாவது எதிர்ப்பு மண்டலத்தின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அடக்கும் புதிய வகை மருந்தை, யோசிப்பதற்கு, மூட்டு வீக்கத்தை அடக்கி ஸ்டீராய்டைக் குறைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் குறைப்பது படிப்படியாக நடக்க வேண்டும். திடீரென நிறுத்தினால், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்க வேண்டிய, இத்தனை காலம் வேலையின்றி இருந்த அட்ரினல் சுரப்பி கைகொடுக்காமல் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

காசநோய்ப் பரிசோதனை இன்றியமையாதது. நம் நாட்டில் பலரது உடலில் காசநோய்க் கிருமி, எந்தத் தொல்லையும் தராமல், எதிர்ப்பு அணுக்கள் சுற்றிலும் எழுப்பிய அரணுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த அரண் குலையாமல் காப்பதில் டிஎன்எஃப் என்ற புரதத்துக்குப் பெரும் பங்குண்டு; பயாலஜிக் ஊசிகளில் பல அதே புரதத்தைத்தான் தடுக்கின்றன. அவற்றில் ஒன்றான இன்ஃபிளிக்சிமாப் போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டிய பிறகே இந்த முன்பரிசோதனை உலகெங்கும் வழக்கமானது. மார்பு எக்ஸ்ரேயுடன், தோலில் போடும் மாண்டூ பரிசோதனையோ இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையோ செய்வார்கள். உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் ஐசோனியாசிட் போன்ற தடுப்பு மருந்தைத் தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் கழித்தே ஊசியை ஆரம்பிப்பது வழக்கம். ஐசோனியாசிட், மெதோட்ரெக்சேட் இரண்டுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால் அந்தக் காலத்தில் கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான பரிசோதனையையும் இப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. காய்ச்சல் என்றதும் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கும் பழக்கம் அம்மாவுக்கு ஆகவே ஆகாது. சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் கோட்ரைமாக்சசோல் என்ற மாத்திரை மெதோட்ரெக்சேட்டுடன் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கி, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணுக்கள் அபாயகரமாகச் சரியக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும் பழைய சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலையே மறைத்துவிடும். எனவே உடல் சூடு குறைவாக இருந்தாலும் மூச்சுத் திணறலோ குழப்பமான பேச்சோ அளவு மீறிய சோர்வோ கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடுமையான தொற்றின்போது மெதோட்ரெக்சேட்டைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டீராய்டை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தடுப்பூசி போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போடலாம், போட வேண்டும். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும், நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியும் உயிரற்ற கிருமியிலிருந்தோ அதன் கூறுகளிலிருந்தோ செய்யப்பட்டவை; அவற்றால் அந்த நோய் வராது. அக்கிக்கான புதிய வகை ஊசியும் அப்படியே. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை உயிருள்ள கிருமி கொண்டவை: எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது), சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளும் மூக்கில் விடும் ஃப்ளூ மருந்தும். எதிர்ப்புப் புரதம் உருவாக்கும் அணுக்களைக் குறைக்கும் ரிடுக்சிமாப் ஊசியைத் தொடங்குவதாக இருந்தால் தடுப்பூசிகளை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்; அந்த ஊசிக்குப் பின் பல மாதங்களுக்கு உடலில் எதிர்ப்புப் புரதம் சரிவர உருவாகாது.