காரணி தெரியாத பகு எண் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,
புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கணிதம்தான் படிப்பேன் என்கிறாள். ஐம்பது லட்சம் இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைப் பகு எண் என்று நிரூபித்துவிட்டார்களாம். ஆனால் எதனால் வகுபடும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம். "காரணி தெரியாமல் பகு எண் என்றால் அது வெறும் நம்பிக்கைதானே?" என்றேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவளைக் கணிதத்தில் சேர்க்கலாமா? வேலை கிடைக்குமா?
செ.

அன்புள்ள செ.,

சேருங்கள். வேலையைப் பற்றி அவளே விசாரித்துக்கொள்வாள்.

"வெறும் நம்பிக்கை" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. இங்கே திருப்பாதிரிப்புலியூரில் பண்ருட்டிப் பலா வந்து இறங்கும் நாட்கள் இவை. அப்பா பலா வியாபாரி. பழத்தை மூன்று இடங்களில் தட்டிப் பார்ப்பார். தொம்மென்று கேட்டால் பழுத்துவிட்டது. "அறுத்துக் காட்டுய்யா" என்று ஒருவர் அடம்பிடித்தபோது, "அறுத்துத்தான் பாக்கணும்னா காது எதுக்குங்க?" என்றார். உள்ளே எத்தனை சுளை என்று அவருக்கும் தெரியாது. பழுத்தது மட்டும் தெரியும்.

சரி, 91ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கும். 1640இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் சொன்ன விதி இது: 2ஐத் தவிர எந்தப் பகா எண்ணானாலும், அதைவிட ஒன்று குறைவான எண்ணிக்கையில் இரண்டுகளைப் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால், மீதி 1 வந்தே ஆக வேண்டும். 5க்கு நான்கு இரண்டுகள், 16, மீதி 1. இப்போது 91க்குத் தொண்ணூறு இரண்டுகள். மலைக்காதீர்கள். பன்னிரண்டு இரண்டுகளைப் பெருக்கினால் 4096. 91ஆல் வகுத்தால் மீதி 1. அப்படி ஏழு கட்டு, 84 இரண்டுகள் கழன்றுவிடும். மிஞ்சிய ஆறு இரண்டுகள் தருவது 64. மீதி 1 வரவில்லை. ஆகவே 91 பகா எண்ணே அல்ல. எதனால் வகுபடும் என்று நாம் தேடவே இல்லை, கவனித்தீர்களா?

அப்பாவின் காதுகூட என்றாவது தவறியிருக்கலாம். மீதி 1 வராவிட்டால் பகா எண் அல்ல என்பது மட்டும் தவறாது, கணித அறிஞர் ஆய்லர் 1736இல் நிரூபணத்தையே தந்துவிட்டார். இதையா நம்பிக்கை என்கிறீர்கள்?

உங்கள் மகள் சொன்னது 2ஐ 1,67,77,216 முறை பெருக்கி 1 கூட்டிய எண்ணாக இருக்க வேண்டும். 50,50,446 இலக்கங்கள். ஃபெர்மா எண்கள் என்ற வகையைச் சேர்ந்தது அது. அவற்றுக்கென்றே பெபின் என்ற கணித அறிஞர் 1877இல் தந்த சோதனை ஒன்று உண்டு; அதில் 3ஐ வைத்துத் தட்டுவார்கள். 1999இல் கணினி கொண்டு தட்டினார்கள், பகு எண் என்று தெரிந்தது. காரணி ஒன்றுகூட இன்னும் அகப்படவில்லை. இது புதிதும் அல்ல. 2ஐ 67 முறை பெருக்கி 1 கழித்த எண் பகு எண் என்று லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1876இல் காட்டினார். காரணிகள் 193707721, 761838257287 என்று அமெரிக்கக் கணித அறிஞர் கோல் சொன்னது 1903இல். இடைப்பட்ட 27 வருடமும் அந்த எண் பகு எண்ணாகத்தானே இருந்தது? கோல் வந்தா அதைப் பகு எண்ணாக்கினார்?

நீங்கள் கேட்டது தப்பில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காததுதான் தப்பு. பதினேழு வயதுப் பெண், ஆசையாக ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். நீங்கள் ஒரே சொல்லில் தட்டிவிட்டீர்கள்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் 341ஐ அவளிடம் கொடுங்கள். 340 இரண்டுகளைப் பெருக்கி வகுத்தால் மீதி 1 வரும், பகா எண் போலவே. ஆனால் அது 11ஐ 31ஆல் பெருக்கியது. இரண்டுக்குப் பதில் மூன்றை வைத்துத் தட்டினால் மீதி 56, குட்டு உடைந்துவிடும். இரண்டுக்கு மட்டும் ஏன் அகப்படவில்லை என்று அவளையே கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.