விசில் பதில்கள்: பின்னால் திரும்புகிறவன் பயந்தவன் இல்லை

(இன்லைன் ஹாக்கி, அதாவது சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த ஸ்கேட்டில் ஆடுகிற ஹாக்கி பற்றிய சிறப்புக் கேள்விகள். பதினோரு வருடம் டிஃபென்ஸில் ஆடி, முழங்கால் போனபிறகு நடுவராகிப்போன ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: உலகச் சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்றை மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். பந்துக்குப் பதிலாக ஆடுகிற வட்டத் தட்டான பக் கையில் கிடைத்ததும் எதிரணி வலையைப் பார்த்துப் பாயாமல், பாதிப் பேர் தங்கள் வலைக்குப் பின்னாலேயே போய் நிற்கிறார்களே! முன்னாலே போகப் பயமா?

உங்கள் மகன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். முதன்முதலாகப் பார்க்கிற எல்லோருக்கும் தோன்றுகிற கேள்விதான். எனக்கும் தோன்றியது. ஐஸ் ஹாக்கி பார்த்தே வளர்ந்தவன் நான். முதல் பயிற்சியில் பக் கிடைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் ஓடினேன். "எங்கே ஓடுகிறாய், வண்டியையா பிடிக்கப்போகிறாய்?" என்று கோச் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

ஐஸ் ஹாக்கியில் எதிரணிப் பகுதியின் எல்லையாக நீலக்கோடு என்று ஒன்று உண்டு. பக் அதைத் தாண்டுவதற்கு முன்னால் ஆள் தாண்டிவிட்டால் ஆஃப்சைடு. தாக்கப்போகிற அணியும் வரிசை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். இன்லைனில் நீலக்கோடே கிடையாது. பெரும்பாலான விதிப்புத்தகங்களில் ஆஃப்சைடும் இல்லை, ஐசிங்கும் (தன் பாதியிலிருந்தே பக்கை எதிரணி கோல்கோடு தாண்ட அடித்துவிடுகிற தப்பு) இல்லை. அதாவது முழு ரிங்கும் (ஆடுகளம்) திறந்த வீடு. ஒருவன் எதிரணி வலைப்பக்கம் போய் நின்றுகொள்ளலாம், இன்னொருவன் தன் வலைக்குப் பின்னால் பக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

ஐஸில் வலையைக் காக்கிற கோலியை விட்டுவிட்டால் ஒரு அணிக்கு ஐந்து பேர். இன்லைனில் நான்கு பேர். 60 மீட்டருக்கு 30 மீட்டர் என்று ஒரு பெரிய ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸில் பத்துப் பேர் ஓடினால் ஆளுக்கு 180 சதுர மீட்டர். எட்டுப் பேர் என்றால் 225. இந்தக் கூடுதல் இடத்தில்தான் ஆட்டம் நடக்கிறது.

இப்போது பின்னால் போனவனைப் பாருங்கள். அவன் வலைக்குப் பின்னால் பக்கை வைத்துக்கொண்டு நிற்கிறான். எதிரணிக்காரன் ஒருவன் பொறுமையிழந்து அவனைத் துரத்தி வந்தால், நான்கில் ஒருவன் இடத்தை விட்டுவிட்டான் என்று அர்த்தம். மீதி ரிங்கில் நம் ஆட்கள் மூன்று பேர், அவர்கள் ஆட்கள் மூன்று பேர், நடுவில் அவ்வளவு இடம். ஒரே ஒரு நல்ல பாஸ் போதும். துரத்தி வராவிட்டால்? அவன் அப்படியே நிற்பான், பக்கத்து ஆளுக்குத் தள்ளுவான், திரும்ப வாங்குவான். பார்க்கிறவருக்குக் கொட்டாவி வரும். எனக்கு அந்த நேரத்தில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்கை இழக்காமல் இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் பாதி. ஐஸில் நெருக்கடி வந்தால் பக்கை எதிரணிப் பகுதிக்குத் தூக்கி எறிந்துவிட்டு அதைத் துரத்தி ஓடுவார்கள். இன்லைனில் அப்படி எறிகிறவனைப் பார்த்தால் ஏதோ பணத்தைத் தெருவில் போட்டதுபோல் எனக்கு வயிறு எரியும்.

அடுத்த ஆட்டத்தில் பக்கைப் பார்க்காதீர்கள். பக் இல்லாத மூன்று பேரைப் பாருங்கள். அவர்கள் எங்கே நகர்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் கொட்டாவி நின்றுவிடும்.

கேள்வி: ஒரே வருடத்தில் இரண்டு நாடுகள் ஆண்கள் இன்லைன் ஹாக்கி உலகச் சாம்பியன் என்று சொல்லிக்கொண்டதாகப் படித்தேன். அச்சுப்பிழையா?

பிழை இல்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு சாவி இருந்த கதை அது.

உருளைச் சக்கர விளையாட்டுகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு, சுருக்கமாக எஃப்.ஐ.ஆர்.எஸ்., 1995-ல் சிகாகோவில் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. சக்கரம் மாட்டிய எல்லாம் எங்களுடையது என்பது அவர்கள் வாதம். மறு வருடமே, 1996-ல், சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு அமெரிக்காவின் மினியாபோலிஸ், செயின்ட் பால் நகரங்களில் தன் பெயரில் இன்னொரு உலகச் சாம்பியன்ஷிப்பை ஆரம்பித்தது. ஸ்டிக்கும் பக்கும் இருந்தால் அது ஹாக்கி, ஹாக்கி என்றால் நாங்கள் என்பது இவர்கள் வாதம். இரண்டு முதல் கோப்பைகளையும் அமெரிக்காவே தூக்கிக்கொண்டு போனது.

மினியாபோலிஸில் ஆரம்பித்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 1980-ஐ ஒட்டி அந்த ஊரில் ஸ்காட் ஓல்சன் என்ற ஹாக்கி வீரரும் அவர் தம்பியும், சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த பழைய ஸ்கேட் ஒன்றைப் பார்த்து, அதைத் திருத்திச் செய்ய ஆரம்பித்தார்கள். கோடையில் ஐஸ் இல்லாதபோது பயிற்சி எடுக்க ஒரு வழி, அவ்வளவுதான் நோக்கம். ரோலர்பிளேடு என்ற நிறுவனம் அதிலிருந்துதான் வந்தது. ஐஸ் இல்லாத மாதங்களுக்கான ஒப்பேற்றலாக வந்த சாமான், பதினைந்து வருடம் கழித்து அதே ஊரில் தனக்கென ஓர் உலகக் கோப்பையை வைத்துக்கொண்டது.

ஆடுகிறவர்களுக்குத்தான் குழப்பம். எஃப்.ஐ.ஆர்.எஸ். பக்கம் 20 நிமிடப் பாதிகள் இரண்டு. ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் பக்கம் நீண்ட காலம் 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஒரு கோடையில் இரண்டு விதமான ஆட்டங்களுக்கும் விசில் ஊதிய எனக்கு, இடைவேளை எப்போது என்று கடிகாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது.

சரி, எப்படி முடிந்தது? 2017-ல் எஃப்.ஐ.ஆர்.எஸ்., ஸ்கேட்போர்டுக்கான சர்வதேசக் கூட்டமைப்போடு இணைந்து வேர்ல்ட் ஸ்கேட் ஆனது. அந்த வருடமே சீனாவின் நான்ஜிங் நகரில் எல்லாச் சக்கர விளையாட்டுகளையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்து உலக ரோலர் விளையாட்டுப் போட்டிகளை நடத்தினார்கள். அடுத்தது 2019-ல் பார்சிலோனா. அதே 2019-ல் ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு இன்லைனைக் கைவிட்டது. இப்போது சாவி ஒன்றுதான்.

கேள்வி: இதில் யார் கில்லாடி? அமெரிக்காவும் கனடாவும்தானே?

ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஐரோப்பா விழித்துக்கொண்டது. ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் கோப்பையில் ஃபின்லாந்து 2000, 2001 இரண்டு வருடமும் தங்கம் எடுத்தது. ஸ்வீடன் 2007, 2008, 2009 என்று மூன்று வருடம் கோப்பையை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. 2011-ல் பார்டுபிட்ஸ் நகரில் செக் குடியரசு சொந்த ரசிகர்கள் முன்னால் ஜெயித்தது.

எனக்கு அந்தப் போட்டியின் அமைப்பில்தான் தனி மயக்கம். பதினாறு அணிகள், மேல்பிரிவு எட்டு, கீழ்ப்பிரிவு எட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். மேல்பிரிவின் இரண்டு குழுக்களிலும் கடைசியாக வந்த அணிகளோடு, கீழ்ப்பிரிவுக் குழுக்களில் முதலாக வந்த அணிகள் மோதும். அதில் ஜெயித்தால் நேராகக் கால் இறுதி. பின்வாசல் வழியாக வந்தவனும் முன்வாசல் வழியாகக் கோப்பையோடு போகலாம் என்று விதியே சொன்னது. வேறு எந்த உலகக் கோப்பை இரண்டாம் டிவிஷன்காரனுக்கு அதே வாரத்தில் இப்படி ஒரு கதவைத் திறந்து வைக்கும்?

கேள்வி: ஒலிம்பிக்கில் இருந்ததா?

இன்லைன் ஹாக்கி இருந்ததில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக (பதக்கக் கணக்கில் சேராதது) இருந்தது ரிங்க் ஹாக்கி. அர்ஜென்டினா ஜெயித்தது. அது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரம் வைத்த பழைய வகை ஸ்கேட்டில், வளைந்த குட்டை ஸ்டிக்கால் பந்தை வைத்து ஆடுவது. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இரண்டு பக்கமும் அடிக்க வருவார்கள்.

கேள்வி: உடம்பால் மோதக் கூடாதாமே! அப்புறம் என்ன ஹாக்கி?

ஓடி வந்து உடம்பால் இடித்துத் தள்ளுவதற்கு அனுமதி இல்லை, உண்மைதான். ஆனால் பலகையோரம் தோள் உரசும், ஸ்டிக் கணுக்காலில் படும், பக் வயிற்றில் வந்து உட்காரும். என் இடது கை மோதிர விரல் இன்றுவரை நேராக நீளாது. வந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

மோதல் இல்லாததால் திறமைக்காரனுக்கு நேரம் கிடைக்கிறது. அதனாலேயே சின்ன வயதில் இதை ஆடிவிட்டு ஐஸுக்குப் போனவர்களின் கை தனியாகத் தெரியும். ஐஸ் ஹாக்கி வீரர் பேட் மரூன் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சக்கர ஹாக்கி ஆடி வளர்ந்தவர். 2019-ல் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ், 2020, 2021-ல் டாம்பா பே லைட்னிங் என்று அணிகள் மாறியும் தொடர்ந்து மூன்று முறை வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சமான ஸ்டான்லி கோப்பையைத் தொட்டார். பெரிய உடம்புக்காரர்தான். ஆனால் வலை முன்னால் நெருக்கத்தில் அவர் பக்கை வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால், இந்த ஆள் எங்கே பழகியிருப்பான் என்று எங்களைப் போன்றவர்களுக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று. தப்பு செய்தவன் வெளியே போய் உட்கார்ந்தால், ஐஸில் ஐந்தில் ஒருவன் குறைகிறான். இங்கே நான்கில் ஒருவன். கால்வாசி அணியே காணாமல் போகிறது. அதனால் ஸ்டிக்கைக் காலில் போட்டு இழுக்கிற சில்லறைத் தப்புக்கூட ஆட்டத்தைக் கவிழ்த்துவிடும். விசில் ஊதும்போது அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே மாட்டேன்.

கேள்வி: அமெரிக்காவில் இதற்குப் பெரிய தொழில்முறை லீக் இருந்ததாமே?

ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல். 1993-ல் ஆரம்பம். முதல் கோப்பை அனாஹைம் புல்ஃப்ராக்ஸ் என்ற அணிக்கு, அதாவது தவளைகளுக்கு. 1998-ல் ஆட்டமே நடக்கவில்லை. 1999-ல் ஒரு சீசன் ஆடிவிட்டு மூடிவிட்டார்கள். ஸ்கேட் விற்பனை உச்சத்தில் இருந்தபோது வந்த அலை, அது இறங்கியதும் இதுவும் இறங்கியது.

கேள்வி: ஐஸ் ஹாக்கி பக்கையே வைத்து ஆடலாமே? தனியாக ஒரு பக் எதற்கு? தரை எதனால் ஆனது?

ஒருமுறை முயற்சி செய்து பாருங்கள். ஐஸ் பக் கெட்டி ரப்பர், 156 முதல் 170 கிராம் வரை எடை. ஐஸில் வழுக்கும், பிளாஸ்டிக் தரையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு அடி போகும், விளிம்பில் எழுந்து நின்றுகொண்டு சக்கரம்போல் உருண்டு ஓடும். இன்லைன் பக் எடை குறைந்த பிளாஸ்டிக். இரண்டு முகத்திலும் குட்டிக் குட்டிக் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். தரையைத் தொடுவது அந்தக் குமிழ்கள் மட்டும்தான், அதனால் உராய்வு குறைவு. என் மேஜையில் ஒன்று பேப்பர்வெயிட்டாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் மூன்று குமிழ் தேய்ந்து தட்டையாகிவிட்டன. தள்ளினால் அந்தப் பக்கமாகவே சாய்ந்து ஓடும். ஆட்டத்தில் இப்படி ஒரு பக் சிக்கினால் பாஸ் எல்லாம் அரை அடி தள்ளித்தான் போகும், ஆட்களோ தங்கள் ஸ்டிக்கைத் திட்டுவார்கள்.

தரை பெரும்பாலும் ஒன்றோடொன்று கோத்த பிளாஸ்டிக் டைல். நல்ல ஆட்டத்துக்குப் பாதி காரணம் அதுதான். ஓர் அரையிறுதியில் வலைக்கு நாலடி முன்னால் ஒரு டைலின் மூலை நகக்கண் அளவு எழும்பியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. மெதுவாக வந்த ஒரு ஷாட் அந்த மூலையில் இடித்துத் துள்ளி, கோலியின் தோளுக்கு மேலே போய் வலையில் விழுந்தது. கோல் கோல்தான், கொடுத்தேன். பிறகு மண்டியிட்டு, ஒருவன் ஸ்டிக்கை வாங்கி, அதன் பின்முனையால் டைலைக் குத்திக் குத்தி உட்கார வைத்தேன். தோற்ற அணியின் கோலி ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு வலைக்கும் முன்னால் உள்ள டைல்களைச் செருப்புக் காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேட் மாட்டுகிறேன்.

கேள்வி: பத்து வயது மகள் கோலியாகத்தான் ஆடுவேன் என்கிறாள். ஐஸ் ஹாக்கி கோலிக்கான கவசத்தையே வாங்கிவிடலாமா? என்ன சக்கரம் வாங்குவது?

முதலில், மகளுக்கு என் வணக்கம்.  கவசம் இரண்டு ஆட்டத்திலும் பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம் வழுக்குவதில். ஐஸில் முழங்காலைப் போட்டால் கோலி தானாக அடுத்த கம்பம்வரை வழுக்கிப் போவாள். டைலில் முழங்காலைப் போட்டால் போட்ட இடத்திலேயே நிற்பாள். அதனால் கால் கவசத்தின் உள்பக்கம் வழுக்குவதற்கென்று கெட்டியான பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டுவார்கள். அதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

சக்கரத்தில் மில்லிமீட்டர் அளவைவிடக் கெட்டித்தன்மையைப் பாருங்கள். சக்கரத்தின் மேலேயே 74ஏ, 78ஏ என்று அச்சிட்டிருக்கும். எண் குறைந்தால் மென்மை, அதிகமானால் கெட்டி. உள்ளரங்கத் தரைக்கு மென்மையானது பிடிக்கும். அதையே வெளியே சிமென்ட் தரையில் ஓட்டினால் ஒரு மாதத்தில் அழிரப்பர் மாதிரி கரைந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் சக்கரத்தை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், தூசி ஒட்டினால் பிடிப்பு போய்விடும். குழாயடியில் பிடித்துக் கழுவ மட்டும் விடாதீர்கள். நான் கழுவினேன். இரண்டு நாள் கழித்து எட்டுச் சக்கரத்தின் பேரிங்கும் துருப்பிடித்து, ரிங்குக்குள் மாட்டுவண்டிபோல் கத்திக்கொண்டே போனேன்.