சுலபமாக நிறைவேறிவிடும்!

கேள்வி: வெளிநாடுகளில் நகர மன்றங்கள் ‘இனவெறியை ஒழிப்போம், எல்லோரையும் அரவணைப்போம்’ என்று தீர்மானம் போடுகின்றன. நம் சென்னை மாநகராட்சியும் ஒன்று போட்டால் என்ன? நம்மிடம்தான் இனவெறி கிடையாதே, சுலபமாக நிறைவேறிவிடும்!
— ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: போடலாம். ரிப்பன் மாளிகையில் மேசையைத் தட்டி ஐந்தே நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். என் பயமே அதுதான்.

கிடையாது என்கிறீர்களே, இந்த ஊரே ஆள் பார்த்துப் பிரித்துக் கட்டியது சார். கோட்டைக்குள் வெள்ளைக்காரர், வெளியே நாம் இருந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கறுப்பர் பட்டணம். பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் ஜார்ஜ் டவுன் ஆனது. எல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. கறுப்பர் பட்டணத்துக்குள்ளேயே நம் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்து 1707-ல் அடிதடி. பெத்துநாயக்கன்பேட்டை உனக்கு, முத்தியால்பேட்டை எனக்கு என்று தெருவைப் பங்கு போட்டுத்தான் அடங்கியது.

இது பழைய கதை என்றால் புதிய கதை ஒன்று. எங்கள் அலுவலகத் தம்பி ஒருவருக்கு வாடகைக்கு வீடு பார்க்க நானும் போனேன். புரோக்கர் ரொம்ப மரியாதையானவர்.

“சைவமா தம்பி?”

“இல்லைங்க.”

“பரவாயில்லை. சொந்த ஊர்?”

“விழுப்புரம் பக்கம்.”

“பக்கம்னா, ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?”

“தள்ளிதான்” என்றார் தம்பி, சிரித்துக்கொண்டே. இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. வீட்டுக்காரரின் மகன் குடி வருகிறாராம். மணிப்பூர்ப் பிள்ளைகளுக்கு இத்தனை கேள்விகூடக் கிடையாது. முகத்தைப் பார்த்ததுமே மகன் வந்துவிடுவார்.

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம், சாதி பார்ப்பதையும் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சேர்த்தது. ஆறு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அந்த நாட்டில் இப்படிச் செய்த முதல் நகரம் அது. வேலை, வாடகை வீடு, பொது இடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். (அந்த வேலையை அவர்களுக்கு வைத்தவர்களே நம்மவர்கள்தான். ஊறுகாய் பாட்டிலோடு பெட்டியில் வைத்துக் கொண்டுபோனது!) ஆனால் அது சட்டம். மறுக்கப்பட்டவர் அதைக் காட்டிப் புகார் கொடுக்கலாம். நம் மாநகராட்சி போடும் தீர்மானத்தைக் காட்டினால் புரோக்கர் விசிறிக்கொள்வார்.

சரி, மாநகராட்சியால் என்னதான் முடியும்? தன் வீட்டைச் சரிசெய்ய முடியும். 1688-ல் தொடங்கிய மாநகராட்சிக்கு ஒரு தலித் பெண் மேயராக 2022 வரை, 334 ஆண்டுகள் ஆயின. அதுவும் அந்த இடத்தைச் சட்டப்படி ஒதுக்கியதால் நடந்தது. சரி, நடந்ததே, சந்தோஷம். ஆனால் அதே மாளிகையின் வாசலில் 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பதுதான் கோரிக்கை. கணிசமானவர்கள் தலித் பெண்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றியது. இந்த ஊரில் யார் குப்பை அள்ளுவது என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அதை மாற்றாத தீர்மானத்தில் ‘அரவணைப்போம்’ என்று எழுதினால் யார் காதில் ஏறும்?

மடிப்பாக்கம் என்கிறீர்கள், மாநகராட்சிக்குள்தான் இருக்கிறீர்கள். உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்து, உங்கள் தெருவில் காலையில் குப்பை வண்டி தள்ளும் அம்மாவுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அதை யார் கொடுக்கிறார்கள், பி.எஃப். பிடித்தம் கணக்கில் ஏறுகிறதா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.