பழைய ஈகோஸ்போர்ட் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நான்கு பேர். திருச்சிக்குள் அன்றாடம் ஓட்டுவதற்கும், மாதம் ஒருமுறை சொந்த ஊருக்குப் போய் வருவதற்கும் பழைய ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறோம். இரண்டு கார்களைப் பார்த்து வைத்துள்ளோம். ஒன்று 2016ஆம் ஆண்டின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 62,000 கிலோமீட்டர் ஓடியது. மற்றொன்று 2019ஆம் ஆண்டின் பெட்ரோல் மேனுவல், 71,000 கிலோமீட்டர் ஓடியது. முதலாவது 90,000 ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது. கம்பெனியே மூடிவிட்டுப் போன பிறகு இந்தக் கார் எதற்கு என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: உறவினர்களின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஈகோஸ்போர்ட் 2013 ஜூன் மாதத்தில் இங்கே விற்பனைக்கு வந்தது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாராகி, உள்நாட்டில் விற்றதோடு வெளிநாடுகளுக்கும் கப்பலேறியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது, சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடரும் என்று உறுதி கூறியது. ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் போன்ற தேய்மானப் பொருட்களுக்கு அவ்வளவாகத் தட்டுப்பாடு வருவதில்லை. விபத்தில் உடையும் ஹெட்லைட், பம்பர், கதவு ஆகியவையும், எலெக்ட்ரானிக் பகுதிகளும்தான் காத்திருக்க வைக்கும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்கு அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, இந்த ஆண்டு மாடலுக்கு ஹெட்லைட்டும் முன்பக்க பம்பரும் கேட்டால் எத்தனை நாளில் வரும் என்று விசாரியுங்கள். அந்தப் பதில் உங்களுக்கு ஒத்துவந்தால் மட்டும் மேலே போங்கள். மறைமலை நகர் ஆலையை மீண்டும் பயன்படுத்தும் எண்ணத்தை ஃபோர்டு 2024இல் தமிழ்நாடு அரசிடம் எழுத்தில் தெரிவித்தது உண்மைதான். ஆனால் அது ஏற்றுமதிக்கான திட்டம். அதை நம்பிப் பழைய காரை வாங்க வேண்டாம்.

உங்கள் உண்மையான கேள்வி இரண்டு கார்களைப் பற்றியது. இதில் நான் தயங்காமல் சொல்வேன்: அந்த 2016 ஆட்டோமேட்டிக்கை விட்டுவிடுங்கள். அதிலுள்ள பவர்ஷிஃப்ட் என்னும் கியர்பாக்ஸ் இரட்டை கிளட்ச் கொண்டது. அந்த கிளட்சுகள் எண்ணெயில் மூழ்காமல் உலர்நிலையில் இயங்குபவை. சத்திரம் பேருந்து நிலையப் பகுதியில் மாலை நேரத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுவதும் பிடிக்காமலும் முழுவதும் விடாமலும் உரசிச் சூடாகும். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உதறுவதும், முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இடையே தடுமாறுவதும் அதன் அடையாளம். ஆஸ்திரேலியாவில் ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஈகோஸ்போர்ட் ஆகியவற்றின் இதே வகை கியர்பாக்ஸ் குறித்த புகார்களை முறையாகக் கையாளவில்லை என்பதற்காக 2018இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு அந்நாட்டு நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நீங்கள் மிச்சப்படுத்த நினைக்கும் 90,000 ரூபாயை இந்த கியர்பாக்ஸ் ஒரே பழுதில் கேட்டுவிடக்கூடும். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றே இருந்தால், 2017 நவம்பருக்குப் பின் வந்த பெட்ரோல் மாடலைத் தேடுங்கள். அதில் இருப்பது, உரசும் கிளட்சுக்குப் பதிலாகத் திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை.

2019 மேனுவல் எனக்குப் பிடித்த தேர்வு. ஆயினும் அதிலுள்ள 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் என்ஜினில், வால்வுகளை உரிய நேரத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆயில் மாற்றத் தாமதித்தாலோ தரம் மாறிய ஆயிலை ஊற்றினாலோ பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து, அந்தத் துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். ஆயில் அழுத்தம் குறைந்தால் என்ஜினே போய்விடும். அதனால் ஆண்டுதோறும் ஆயில் மாற்றியதற்கான பில்களைக் கேளுங்கள். பில் இல்லை, வாய்வார்த்தைதான் என்றால், பெல்ட் மாற்றும் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அதை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். காரைப் பார்க்கப் போகும் நாளில் என்ஜினை முன்கூட்டியே ஓடவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய், சென்றதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் கேட்கும் சத்தத்தை யாரோ உங்களிடமிருந்து மறைக்கிறார்கள். மூன்று சிலிண்டர் என்ஜினில் ஐடிலிங்கில் இலேசான அதிர்வு இயல்பானது. கடகடவென்று உலோகச் சத்தம் வருவது இயல்பன்று.

கேள்வி: நான் பார்த்துள்ள கார் வேளச்சேரி முகவரியில் பதிவானது. 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற வண்டியாக இருக்குமோ என்று சந்தேகமாக உள்ளது. உள்ளே புதிய சீட் கவரும் மேட்டும் போட்டுப் பளிச்சென்று இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை வாசகி)

பதில்: பழைய காரில் எல்லாமே புதிதாகப் பளிச்சிடும்போது சந்தேகம் வருவது நல்லதுதான். முதலில் முன் சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி வரை, இனி வராது என்னும் அளவுக்கு இழுங்கள். விற்பவர்கள் கண்ணில் படும் பகுதியைத்தான் கழுவுவார்கள். சுருளின் அடியில் இருக்கும் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. தண்ணீர் அந்த உயரம் வரை ஏறியிருந்தால், அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடும் விரலில் ஒட்டும் மெல்லிய வண்டலும் இருக்கும். அடுத்து சீட்டை முழுவதும் பின்னே தள்ளி, சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். மழையே படாத இடத்தில் துரு இருந்தால் தண்ணீர் புகுந்ததாகச் சந்தேகிக்க அது வலுவான காரணம். மேட்டின் ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை அழுத்துங்கள்; ஈர வாடை மாதக்கணக்கில் அங்கே தங்கும். பெரும்பாலான இந்திய ஈகோஸ்போர்ட்டுகளில் ஸ்டெப்னி டிக்கி கதவின் வெளிப்புறத்தில் தொங்குவதால், மற்ற கார்களைப் போல ஸ்டெப்னிக் குழியைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. ஆனால் அந்தக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்: கீல் தளர்ந்து கதவு கீழிறங்கியிருக்கிறதா, பூட்டு நேராகச் சேர்கிறதா என்பது பின்பக்கம் அடிபட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

இவற்றுக்கு மேலாக, காரின் இன்சூரன்ஸ் பாலிசி எண்ணை வாங்கி, அந்த ஆண்டில் கிளைம் ஏதும் எடுக்கப்பட்டதா என்று நிறுவனத்திடம் கேட்கும்படி விற்பவரிடமே சொல்லுங்கள். அவர் மறுத்தால் நீங்களும் விலகிவிடலாம். வேளச்சேரி முகவரி என்பதாலேயே காரை ஒதுக்க வேண்டியதில்லை. அன்றைய தினம் மேம்பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்திக் காப்பாற்றியவர்கள் அங்கே ஏராளம்.

கேள்வி: புரோக்கர் ஒருவர் மூலம் கார் வாங்குகிறேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளரின் கையெழுத்து வாங்கித் தந்துவிட்டார். இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். காத்திருக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 50ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் விஷயத்தில் இன்னும் நுட்பமான சிக்கல் உள்ளது. மூன்றாம் நபருக்கான காப்பீடு 157ஆவது பிரிவின்படி காரோடு சேர்ந்தே உங்களிடம் வந்துவிட்டதாகக் கருதப்படும். ஆனால் உங்கள் காரின் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக வராது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றாமல் விபத்தில் சிக்கினால், கிளைமை நிறுவனம் நிராகரிக்க இடமுண்டு. பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காததற்கான தள்ளுபடி, அவருக்கே உரியது, காரோடு வராது. அந்தத் தள்ளுபடியின் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பவரும் இதைப் படிக்கட்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பின்படி, கார் எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு, விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். காரை விற்று நிம்மதியாக இருக்கும் ஒருவர் வீட்டுக்குச் சம்மன் வருவது இப்படித்தான். இவை தவிர, ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். நிலுவை அபராதங்களைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே ஐந்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: டெல்லியிலிருந்து வந்த 2015 டீசல் ஈகோஸ்போர்ட் ஒன்று இங்குள்ள விலையைவிட மிகவும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தலைநகர்ப் பகுதியில் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாடுகளால்தான் அங்கே விலை விழுகிறது; வண்டியின் மீது குறை என்று அதற்குப் பொருளன்று. ஆனால் அங்கிருந்து படிவம் 28இன்படி தடையின்மைச் சான்று வந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஆயுட்கால வரியும் கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். 15 ஆண்டு பதிவுக் காலத்தில் மிச்சம் இருப்பது சில ஆண்டுகளே. இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் மலிவு என்பது பெரும்பாலும் கரைந்துவிடும். சான்று கையில் இல்லாமல் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: சென்ற மாதம் 2019 பெட்ரோல் மேனுவல் ஈகோஸ்போர்ட் வாங்கிவிட்டேன். கார் நன்றாக ஓடுகிறது. உடனே செய்ய வேண்டியவை என்ன? அதிகம் செலவழிக்கும் நிலையில் இல்லை. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பாட்டுப் பெட்டிக்கும் அலாய் வீலுக்கும் போகாமல், முதல் செலவை எண்ணெய்களுக்குச் செய்யுங்கள். பழைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்ற கணக்கை நம்பாமல், என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் இன்றே மாற்றி, கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆயிலின் தரம் காரின் கையேட்டில் குறித்துள்ளதாகவே இருக்கட்டும். ‘இதுவும் அதேதான் சார்’ என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள், ஏனென்றால் முதல் பதிலில் சொன்ன பெல்ட் அதில்தான் நனைகிறது. அதன்பின் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னே வருகிறதோ அதைத் தாண்ட விடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நாகர்கோவில் போன்ற கடலோரப் பகுதியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம். கூலன்ட் டப்பாவில் யாராவது வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிறம் வெளிறியோ துருவேறியோ இருந்தால் முழுவதும் வடித்து, கழுவி, புதிய கூலன்ட் நிரப்புங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஆறு ஆண்டு தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. பணம் இருக்கும்போது முதலில் டயரை மாற்றுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் கார் அதற்கு முந்தைய காலத்தது என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை விரலால் தடவி, வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கார் விற்கும் ஷோரூம் ஒன்றில் வாங்கினேன். ‘விபத்தில்லாத வண்டி’ என்று எழுதியே கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் பழுதாகி மெக்கானிக்கிடம் விட்டபோது, முன்பக்கச் சட்டம் வெல்டிங் செய்யப்பட்டது தெரிந்தது. பில்லில் ‘உத்தரவாதம் இல்லை’ என்று அச்சிட்டிருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

பதில்: உத்தரவாதம் இல்லை என்பது வேறு, பொய் சொல்லி விற்பது வேறு. விபத்தில்லாத வண்டி என்ற எழுத்துதான் உங்கள் பலம். அதன் அசலைப் பத்திரப்படுத்துங்கள். வெல்டிங் செய்த இடத்தைப் படம் எடுத்து, மெக்கானிக்கிடம் தேதியிட்ட அறிக்கை வாங்கி, அதன் பின்னரே பழுதைச் சரிசெய்யுங்கள். சரிசெய்துவிட்டால் சான்று அழிந்துவிடும். பிறகு பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து வையுங்கள். சில நேரங்களில் அந்த அழைப்பிலேயே கடைக்காரர் இறங்கி வருவார். இந்த வழி கடையில் வாங்கியவர்களுக்கே பொருந்தும். தன் சொந்தக் காரை ஒருமுறை விற்கும் தனிநபர் வணிகர் ஆகமாட்டார் என்பதால், அவர் ஏமாற்றினால் உரிமையியல் நீதிமன்றமோ காவல் நிலையமோதான் செல்ல வேண்டியிருக்கும்.