ஊறவைத்த சோயா ஏன் அழுகியது?

கேள்வி: வீட்டுத் தோட்டத்துக்குக் கால் கிலோ சோயா மொச்சை வாங்கினேன். பாகல் விதைக்குச் செய்வதுபோல இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஊன்றினேன். பாதிக்கு மேல் அழுகிவிட்டது. ஐந்தாறு விதைகள் ஊறாமல் கல்லாகவே இருந்தன. அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். தவறு விதையிலா, என்னிடமா?
- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: ஊறவைத்ததுதான் முதல் தவறு, அம்மா. ஆனால் விதையின் தோலிலும் ஏற்கெனவே கீறல் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோல் முழுசாக இருந்த சோயாவையும் கீறல் விழுந்ததையும் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் போட்டுப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் கீறல் விதைகள் உப்பிவிட்டன. கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீர் கலங்கிப் வேகாத பயற்றின் வாடை அடித்தது. அந்த வாடையை இன்றும் மறக்கவில்லை.

காய்ந்த விதையில் செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுகள் குலைந்து கிடக்கும். தண்ணீர் மெதுவாக வந்தால் அவை மறுபடி ஒழுங்காகிவிடும். தோல்தான் அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. தோல் கிழிந்தால் தண்ணீர் பாய்ந்து புகும். பருப்பு வெடிக்கும், உள்ளிருக்கும் சர்க்கரையும் உப்பும் வெளியே கசியும். மண்ணிலுள்ள பூஞ்சைக்கு அது விருந்து. விதை எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு பாதிப்பு; ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் இன்னும் எளிதில் நொறுங்கும். போதாததற்கு, சோயாவின் முளைவேர், விதையின் கண்ணுக்கு (காயோடு ஒட்டியிருந்த இடத்தின் தழும்புக்கு)ப் பக்கத்தில், தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரம் வேகமாகச் சுழன்றாலோ, மூட்டையை லாரியிலிருந்து தொப்பென்று போட்டாலோ அடி அங்கேதான் விழுகிறது. சோயா மூட்டையை இறக்குகிறவர்களிடம் இதை எத்தனை முறை கெஞ்சியிருக்கிறேன்! நம் நாட்டில் சான்று விதையாக விற்கும் மக்காச்சோளத்துக்குக் குறைந்தது 90 சதவீத முளைப்பு வேண்டும். சோயாவுக்கு 70 போதும் என்று வைத்திருக்கிறார்கள். அவ்வளவு மென்மையான விதை இது.

முளைக்க சோயாவுக்குத் தன் எடையில் பாதியளவு தண்ணீர் வேண்டும். அதை ஈர மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். முந்தின நாள் பாத்திக்குத் தண்ணீர் விட்டு, மண் பொலபொலவென்று இருக்கும்போது, காய்ந்த விதையையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்கும் வரை தண்ணீர் தேங்க விடாதீர்கள். மீதி விதை இருந்தால், முதலில் நூறை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், அந்தக் கல் விதைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவை உயிருள்ளவைதான்; தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை, அவ்வளவே. கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் துளி கீறி, ஈர மண்ணில் வையுங்கள்.