எட்டு லேஅவுட், ஒரே பிடிஎஃப் (ஆட்டோகேட்)

எட்டு லேஅவுட்டையும் (பிரிண்ட்டுக்காக அமைத்த பக்கங்கள்) ஒரே பிடிஎஃப்-ஆ எடுப்பது எப்படின்னு கேட்டிருந்தீங்க. டிராயிங் சாஃப்ட்வேரான ஆட்டோகேடில் பப்ளிஷ் விண்டோவைத் திறந்து, 'பப்ளிஷ் டு' என்ற இடத்தில் பிடிஎஃப் என்று மாற்றுங்க. அங்கே 'பிளாட்டர் நேம்டு இன் பேஜ் செட்டப்' என்று இருந்தால், பப்ளிஷ் கொடுத்தாலும் ஒவ்வொரு லேஅவுட்டும் தனித்தனி ஃபைலாகத்தான் விழும். உங்க திருவொற்றியூர் ஷெட் டிராயிங் எட்டு பிடிஎஃப்-ஆ வந்ததுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1. பப்ளிஷ் ஆப்ஷன்ஸ் உள்ளே போய் 'மல்டி-ஷீட் ஃபைல்' இருக்கிறதா பாருங்க. இது விட்டுப்போனாலும் அதே கதைதான்.

2. ஷீட் லிஸ்டில் மாடல் (லேஅவுட் இல்லாத, நேரடியா வரையும் இடம்) வரி இருந்தால் நீக்கிடுங்க. லிஸ்டில் இருக்கும் வரிசையிலேயே பக்கங்களும் வரும்.

3. முதலில் ரெண்டு லேஅவுட்டை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்க. முன்பு எடுத்த பிடிஎஃப் ஃபைல் ரீடரில் திறந்திருந்தால் அதை மூடிடுங்க, இல்லேன்னா அதே பேரில் எழுத முடியாது.

ஏதாவது லேஅவுட்டில் 'நாட் இனிஷியலைஸ்டு' என்று காட்டினால், அதை ஒருமுறை திறந்து பேப்பர் சைஸ் வைத்து சேவ் பண்ணுங்க.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ஒரே பிடிஎஃப்-இல் ஏ1, ஏ3 கலந்திருக்கலாம், தப்பில்லை. ஆனால் வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் 'ஃபிட்' (பேப்பருக்கு ஏற்ப அளவை மாற்றுவது) கொடுத்து எடுத்தால் 1:100 ஸ்கேல் போச்சு. ஃபேப்ரிகேஷன் ஆள் பேப்பர் மேல் ஸ்கேல் வைத்து அளந்தால் தூண் இடைவெளியே மாறிடும். 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லி எடுங்க. வந்த ஷீட்டில் அளவு எழுதின கோடு ஒன்றை நீங்களே ஸ்கேல் வைத்துச் சரிபாருங்க.